சங்கீதம் 91-உம் கொசுவும்

எங்கள் சபையில் பாதி வீடுகளின் நிலைப்படியில் சங்கீதம் 91 ஒட்டியிருக்கும். கொள்ளைநோய்க்கு நடுவிலும் ஆண்டவர் காப்பார் என்று தைரியம் சொல்லும் சங்கீதம். கொரோனா நாட்களில் அது வாட்ஸ்அப்பில் எத்தனை முறை சுற்றி வந்தது என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் பிடித்த சங்கீதம்தான். ஆனால் நான் சுகாதார ஆய்வாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி, ஸ்லைடில் ரத்தம் பூசி எடுத்துவருவதே என் பிழைப்பாக இருந்தது. அந்தப் பழக்கத்தோடு படிக்கும்போது ஒரு கேள்வி விடுவதில்லை. ஆண்டவருக்கென்றே இந்த வெப்ப மண்ணுக்கு வந்தவர்களைக் காய்ச்சலும் வெக்கையும் ஏன் விட்டுவைக்கவில்லை?

நம் ஊர்க் கல்லறைகளே இதற்குச் சாட்சி. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, 1719இல் நாற்பதைத் தொடாமலே இறந்தார். 1750இல் வந்த சுவார்ட்ஸ் ஐயரோ அதே வெயிலில் 48 ஆண்டுகள் ஊழியம் செய்து 1798இல் தஞ்சாவூரில் கண்மூடினார். கல்கத்தா பேராயர் ஹீபர் 1826 ஏப்ரல் மாதம் திருச்சிக்கு வந்தார். காலையில் திருப்பணி முடித்து, வெக்கை தணியக் குளிக்க இறங்கியவர் குளத்திலேயே உயிர் விட்டார். அப்போது வயது 42. சுவார்ட்ஸுக்கு விசுவாசம் அதிகம், மற்ற இருவருக்கும் குறைவு என்று எந்தப் போதகராவது பிரசங்கம் செய்வாரா?

நான் வேலை பார்த்த கொல்லிமலையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இங்கிலாந்திலிருந்து மிஷனரியாக வந்தவர். வெப்பநாட்டு மருத்துவம் கொஞ்சம் படித்துவிட்டு வந்தார். மனைவி ஈவ்லினோடு மலைமேல் குடியேறி, பள்ளிக்கூடம் நடத்தினார், வீடு கட்டினார், மருந்து கொடுத்தார். நரம்புச் சிலந்தி கண்ட காலிலிருந்து அந்த நீளப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல் பொறுமையாக வெளியே எடுப்பார். மலேரியா கொசுவால் வருகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இலேயே செகந்திராபாத்தில் கண்டுபிடித்திருந்தார். ஜெஸ்ஸிக்கும் அது தெரியும். இருந்தும் 1929 ஜூனில், மலேரியா முற்றி சிறுநீர் கறுத்துப்போகும் கருநீர்க் காய்ச்சலில் அவர் இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்கு முதலில் தந்தி போய்ச் சேர்ந்தது. அப்பா உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்து அதற்குப் பிறகுதான் கிடைத்தன.

ஈவ்லின் மலையை வெறுக்கவில்லை. மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயது வந்ததும், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அவர் தனியாகக் கொல்லிமலைக்கே திரும்பினார். மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். விழுந்து எலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். பச்சைமலை, கல்வராயன் மலை என்று வேலை விரிந்தது. 1974இல், 95 வயதில் இறந்து, கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கமானார். கணவரை 44 வயதில் கொண்டுபோன அதே மலையில் மனைவி 95 வரை வாழ்ந்தார். இதில் கணக்குத் தேடினால் நமக்கு எதுவும் அகப்படாது.

மத்தேயு சுவிசேஷத்தின் நாலாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வனாந்தரச் சோதனையில் சங்கீதம் 91ஐ எடுத்துப் பேசுகிறவன் பிசாசு! தேவாலயத்து உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்கிறான். இயேசு குதிக்கவில்லை. அந்த வாக்கை அவர் தள்ளவும் இல்லை. அதைக் காட்டிக் கடவுளைப் பரீட்சை பார்க்க மறுத்தார். பவுல் அப்போஸ்தலரின் கதையும் இதுதான். அவரோடு ஊழியம் செய்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்தான். துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. இவர்களுக்கு ஜெபம் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் அந்தச் சங்கீதம் எதற்கு? எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். மலையில் ஒரு பாட்டி, நான் ஊசியோடு வருவதைக் கண்டாலே தினைக்காட்டுக்குள் மறைந்துவிடுவார். ஒரு மழைக்காலத்தில் எனக்கே குளிர்காய்ச்சல் கண்டு படுத்துவிட்டேன். தேறி மறுபடி போனபோது அவரே திண்ணைக்கு வந்து விரலை நீட்டினார். “உனக்கும் வந்துச்சாமே சாமி, இனிமே எங்க குளிரு உனக்குத் தெரியும்” என்றார். என் சீருடையாலும் அரசாங்க நோட்டீசாலும் முடியாததை என் காய்ச்சல் செய்தது. தாம் இரட்சிக்க வந்த மனுஷரின் உடம்பையே எடுத்துக்கொண்டார் கிறிஸ்து என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்கிறோமே, அதன் பொருள் எனக்கு அந்தத் திண்ணையில்தான் உறைத்தது.

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு மருத்துவராக வந்த ஜெஸ்ஸியின் மகன் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டே சிதைகின்றன என்று கண்டறிந்தார். வலியே இல்லாத உடம்பு பத்திரமான உடம்பு இல்லை. எந்த வாதையும் தொடாத ஊழியத்தைக் கேட்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதற்காக வேண்டுமென்றே நோயில் போய் விழச் சொல்லவில்லை. அதுவும் உச்சியிலிருந்து குதிப்பதுதான். நரம்புச் சிலந்தி இந்தியாவில் ஒழிந்துவிட்டது என்று 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்ததாலும், கால் நனைய இறங்கி மொள்ளும் படிக்கிணறுகளை மூடியதாலும் அது ஒழிந்தது. அப்படி வடிகட்டிய ஒவ்வொரு துணியையும் நான் ஜெபத்தோடு சேர்த்தே எண்ணுகிறேன். நோய் அணுகாமல் காக்கும் வேலையில் ஆண்டவர் நம் கைகளையும் கேட்கிறார்.

ஆகவே சபையாருக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும் முன் தொட்டித் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவி மூடுங்கள். மாடியில் கிடக்கும் டயரை அப்புறப்படுத்தி, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.