உறங்கினான்மேற் செய்த வினை

பாண்டிநாட்டுத் திருச்சுழியல், சுந்தரமூர்த்தி சுவாமிகளது பாடல்பெற்ற தலமாதலைச் சைவர் நன்கறிவர். பூமிநாதர் எழுந்தருளிய அவ்வூரில் 1879 டிசம்பர் 30இல் தோன்றி, வேங்கடராமன் என்னும் பிள்ளைப்பெயரோடு வளர்ந்தவரே பின்னர்த் திருவண்ணாமலையில் இரமண முனிவராய் விளங்கினார். அவர்தம் கொள்கை சித்தாந்தத்தோடு எத்துணை ஒக்கும் என்பது வேறு வழக்கு. ஈண்டு ஆராயப் புகுந்தது அவரது பள்ளிப் பருவத்து நிகழ்ச்சி யொன்றேயாம்.

தந்தையார் 1892இல் மறைந்தபின், மதுரையில் தந்தையாரின் உடன்பிறந்தார் இல்லில் தங்கி, ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் அச்சிறுவர் பயின்றார். பந்தாட்டத்திலும் மற்போரிலும் வல்லவர், உடல்வலி மிக்கவர். ஆதலின் அவர்மேற் பகைகொண்ட பிள்ளைகள் விழித்திருக்குங்கால் அவரை அணுக அஞ்சினர். ஆனால் அவரது உறக்கமோ மிக ஆழமானது. இஃதறிந்த அப்பிள்ளைகள், அவர் துயிலும்போது வந்து எடுத்துச் சென்று, மனங்கொண்ட மட்டும் அடித்து, மீண்டும் கொணர்ந்து படுக்கையிற் கிடத்திப் போவர். காலையிற் பிறர் சொல்லக் கேட்டாலன்றி அவருக்கு அது தெரியாது. பிற்காலத்தில் அடியவர்க்கு இதனை அவரே கூறியுள்ளார்.

கேட்போர் நகைப்பர். சிறுபிள்ளை விளையாட்டு என்றும் ஒதுக்குவர். ஆயினும் ஒரு வினா எழுகின்றது. அடியுண்டவன் துன்பத்தை நுகரவில்லை. அங்ஙனமாயின் அடித்தவர்க்கு வினை உண்டோ, இல்லையோ?

சாக்கிரம் முதலிய அவத்தைகளுள் சுழுத்தியில் உயிர் கண் முதலிய பொறிகளோடு கூடி நுகர்ச்சி எய்துவதில்லை என்பது நம் நூற்றுணிபு. எனவே அவ்விரவுகளில் அவர்பாற் பிராரத்தம் ஏதும் நுகர்ந்து கழிந்ததாகக் கொள்ளுதல் அரிது. இவ்விடத்தே ஒன்று புலனாகின்றது. பிறரை வருத்துவோர் பலர், 'அவன்செய்த வினை அவனை உறுத்துகின்றது. யான் வெறுங்கருவி' என்று தத்துவம் பேசித் தப்புவர். ஈண்டு உறுத்தப்பட்டார் ஒருவரும் இலர். நுகர்வோன் இல்லாத இடத்தும் கை ஓங்கியது, அடி விழுந்தது, மனம் மகிழ்ந்தது. ஆகாமியம் முழுதும் அடித்தவர் பாலதே. அன்றியும், அடியுண்டவன் விழித்திருந்து வருந்தினான் என்றே கொள்வோம். அப்பொழுதும் அச்சொல் நில்லாது. வினை சடம், அதனை அறிந்து உயிர்க்குக் கூட்டுதல் இறைவன் தொழில். அத்தொழிலைச் செய்க என்று எந்தப் பிள்ளைக்கும் அவன் ஓலை எழுதிக் கொடுத்தானல்லன்.

திருச்சுழி வட்டத்துப் பரளச்சி முதலிய ஊர்கள் வானம் பார்த்த பூமி. அங்கே உழவன் விதைக்கும் வித்தை நிலம் அறியாது. நிலம் அறியாமையால் வித்து முளையாதொழிவதில்லை; விளைந்ததும் நிலத்துக்கு ஆவதன்று, விதைத்தவன் வீட்டிற்கே வரும்.

கூட்டமாய்ச் செய்ததன்றோ, பழி பலர்க்கும் பங்கிடப்பட்டுச் சுருங்காதோ எனின், சுருங்காது. கூட்டத்துள் 'யான்' என்பது 'யாம்' ஆகிப் பருக்குமே யன்றிக் குறைவதில்லை. தனித்து நின்றால் ஒருவனும் துணியாததை அனைவரும் கூடித் துணிவது ஆணவத்தின் வலியைக் காட்டும். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றனுள் அருகில் நின்று சிரித்தவனும் அகப்படுவான்.

இனி, தோழர் தம்முள் எள்ளி விளையாடுதல் ஆகாதோ? ஆகும். திருச்சுழியலைப் பாடிய நம்பியாரூரரே அதற்குச் சான்று. சகமார்க்கத்துக்கு இலக்கியமாய தம்பிரான் தோழர், திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் இறைவனையே வைது, வன்றொண்டர் என்னும் பெயரும் பெற்றார். அஃது அவைநடுவே, முகத்துக்கு நேரே, மறுமொழி கூற வல்லார்மாட்டு நிகழ்ந்தது. விளையாட்டிற்கு இருவரும் விழித்திருத்தல் வேண்டும். துயில்வானைத் தேடிச் சென்றமையே, செய்வது தீது என்பதனை அப்பிள்ளைகள் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாம்.

விழித்திருந்தும் துயின்றார்போல வாய் திறவாத பிள்ளைகள் இன்றும் விடுதிகளில் உளர். 1996இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவராற் கொலையுண்டார். 1997இல் தமிழ்நாட்டரசு பகடிவதையைத் தடுக்கும் சட்டம் இயற்றிற்று. இரண்டாண்டு வரை சிறையும் பதினாயிரம் ரூபாய் வரை தண்டமும் அதில் விதிக்கப்பட்டன. எழுத்தால் முறையிட்டால் தலைமையாசிரியர் உடனே ஆராய்தல் வேண்டும் என்பது அதன் விதி. முறையிடுவோன் நிலை யாது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்தினார்மேற் பள்ளியில் முறையிட்ட மாணவன் ஒருவனை, உடன்பயின்றாரே இரவில் இல்லம் புகுந்து வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுண்டாள். சாதிச்செருக்கே அதன் வேர். மதுரைப் பிள்ளைகள் இருட்டை நாடியது அவர் வலிக்கு அஞ்சி. இவர்கள் நாடியது வாய் திறந்தான் என்னும் சினத்தால்.

அச்சட்டத்தின் கீழ் முறையிடும் உரிமை மாணவனுக்கும் பெற்றோர்க்கும் மட்டும் உரியதன்று, ஆசிரியரும் எழுதலாம். அடியுண்டவன் வாய்திறக்கும் வரை காத்திருத்தல் வேண்டா என்பதே இதன் கருத்து. வகுப்பிற் பாடஞ் சொல்வோர்க்குப் பிள்ளைகளின் முகம் தெரியும். எவன் உண்ணாமல் எழுந்தான், எவன் வாயிலை நோக்கி அஞ்சினான் என்பதும் தெரியும். எழுதுதற்கு ஒரு தாள் போதும்.