உடைத்துப் பாராத சிலம்பு

மதுரையில் கோவலன் வெட்டுண்டபோது அவனிடமிருந்த சிலம்பு முழுதாகவே இருந்தது. அதனுள்ளே மாணிக்கப் பரல்கள் இருந்தன. கோப்பெருந்தேவியின் சிலம்பிலோ முத்துப் பரல்கள். இந்த வேறுபாட்டை அறிய நெடுநேரம் வேண்டியதில்லை. உடைத்துப் பார்த்தால் போதும். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்பதை மன்னனும் அறிவான். பின்னர் அவன் வாயே அதைச் சொல்லிற்று. ஆயினும் கொலைக்கு முன்னர் அந்த எண்ணம் ஒருவருக்கும் எழவில்லை. கண்ணகி வந்து உடைத்தபோது உண்மை தெறித்து விழுந்தது. போன உயிர்தான் திரும்பவில்லை.

குற்றம் யாருடையது என்று நம் சங்க மேடைகளில் பலமுறை வழக்காடியிருக்கிறோம். பாண்டியனா, கோவலனா, ஊழ்வினையா என்று அணி பிரிந்து பேசியிருக்கிறோம். பொற்கொல்லனை மட்டும் கள்வன் என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுகிறோம். அவன் கள்வன்தான், ஆனால் அதற்கும் மேலான ஒன்று அவனிடம் இருந்தது. நகையைப் பற்றிச் சொல்லத் தகுதி வாய்ந்தவன் என்று அரசன் அவனை நம்பினான். இக்கால வழக்கில் கூறினால் அவன் வல்லுநர் சாட்சி. பொருள் பொய் சொல்லவில்லை; பொருளுக்காகப் பேச வந்தவன் பொய் சொன்னான். அங்ஙனமாயின், வாயற்ற பொருளுக்காகப் பேசுபவன் யாருக்குக் கடமைப்பட்டவன்?

இன்று அப்பொற்கொல்லனின் இடத்தில் இருப்போர் தடய அறிவியல் ஆய்வுக்கூடங்களில் பணிபுரிவோர். நம் பெங்களூரில் மடிவாளாவில் அத்தகைய மாநில ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. திரைப்படம் காட்டுவது போன்ற பரபரப்பு இப்பணியில் இல்லை. காவல் நிலையத்திலிருந்து ஒரு பொட்டலம் வரும். அதன் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா, உடன் அனுப்பிய மாதிரி முத்திரையோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகே சோதனை. ஒரு முத்திரை ஐயத்துக்கு இடமளித்தால், அதற்குப்பின் செய்த நுட்பமான ஆய்வு அனைத்தும் நீதிமன்றத்தில் மதிப்பிழக்கக்கூடும்.

ஒரு சட்டையில் செந்நிறக் கறை இருப்பதாகக் கொள்வோம். பினால்ப்தலீன் கரைசலையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் இட்டால், இரத்தமாயின் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். ஆனால் சில காய்கறிச் சாறுகளும் வேறு சில பொருள்களும் அதே நிறத்தைக் காட்டக்கூடும். ஆகவே அந்நிறம் சொல்வது, ‘இரத்தமாக இருக்கலாம்’ என்பதே. மனித இரத்தமா என்பதற்கு வேறு சோதனை வேண்டும். யாருடைய இரத்தம் என்பதற்கு மற்றொன்று வேண்டும். அது அச்சட்டைக்கு எவ்வாறு வந்தது என்பதை எந்தச் சோதனையும் தனித்து நின்று சொல்லிவிடாது. ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘ஆம்’ என்பதற்கும் இடையே ஒரு மனிதனின் வாழ்வு கிடக்கிறது.

இந்த இடைவெளியை மதியாதவர் செய்யும் கேடு சிறிதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் போதைப்பொருள் ஆய்வுக்கூட வேதியியலர் ஒருவர், வந்த பொருள்கள் அனைத்தையும் சோதியாமல் பார்வையாலேயே சிலவற்றை முடிவு செய்து முடிவுகளை எழுதி வந்தார். மிக விரைவாக வேலை முடிப்பவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. 2012ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. 2013இல் அவர் சிறை சென்றார். 2017இல் அவர் கைபட்ட வழக்குகளில் 21,000க்கும் மேற்பட்டவை தள்ளுபடி செய்யப்பட்டன. அவற்றுள் உண்மைக் குற்றவாளிகளும் இருந்திருப்பர், குற்றமற்றோரும் இருந்திருப்பர். யார் எவர் என்று பிரித்தறியும் வழியே அடைபட்டுப் போயிற்று.

இதனைப் பிறர் குறையாக மட்டும் எழுதிவிட நம் நெஞ்சம் இடம் தரவில்லை. நாம் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பல்லாண்டுகளுக்கு முன் நம் பிரிவில் சில பொருள்கள் கணக்கில் குறைந்தன. பதிவேட்டில் ஓர் எண் திருத்தப்பட்டிருந்தது. அது யாருடைய எழுத்து என்று மேலதிகாரி கேட்டார். கடைநிலை ஊழியர் ஒருவர்மேல் எல்லோருக்கும் ஐயம். ‘அவருடைய எழுத்தை ஒத்திருப்பதாகத் தெரிகிறது’ என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டோம். எழுத்தை ஒப்பிட நமக்கு என்ன பயிற்சி? எவ்வளவு நேரம் பார்த்தோம்? மேசைமேல் இருந்த கோப்பு நகர வேண்டும் என்பதே அப்போதைய எண்ணம். ஆறு திங்கள் அவர் விசாரணைக்கு நின்றார். பின்னர் அப்பொருள்கள் வேறொரு பிரிவின் கணக்கில் இருப்பது தெரியவந்தது. அவர் நம்மை ஒரு சொல்லும் கேட்கவில்லை. நம்மோடு தேநீர் அருந்த வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். ‘தெரிகிறது’ என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் இன்றும் நம் பேனா சற்றே நிற்கிறது.

பொருள்களைப் பொறுமையோடு பேசவிட்டால் அவை எவ்வளவு சொல்லும் என்பதற்கு 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த கொடுமை சான்று. கிழிந்த துணி, கம்பித் துண்டு, மின்கலத்தின் சிதறல் முதலியவற்றை ஆராய்ந்து, குண்டு ஒரு பெண்ணின் உடலோடு கட்டப்பட்டிருந்தது என்பதைத் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் இயக்குநர் பி. சந்திரசேகரனும் அவர் குழுவினரும் நிறுவினர். உயிரிழந்த புகைப்படக்காரரின் கேமராவும் சாட்சி சொன்னது. அவ்வாண்டு ஆகஸ்டில் நம் நகரின் கோணனகுண்டே வீட்டில் தேடப்பட்டோர் இறந்து கிடந்தபோது நாம் பள்ளிச் சிறுவர். அவ்வழக்கில் 1998இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதனை உறுதி செய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்து, 19 பேரை விடுவித்தது. குண்டு எவ்வாறு வெடித்தது என்பதைத் தடயம் சொல்லிற்று. ஒவ்வொரு மனிதனின் பங்கும் எவ்வளவு என்பதை நீதிமன்றங்கள் தனித்தனியே நிறுக்க வேண்டியிருந்தது. பொருளின் சொல் உயர்ந்ததே. அதற்கும் எல்லை உண்டு.

அவ்வெல்லையைக் கடக்கும் ஆசை நம் நகரிலேயே எழுந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்தாண்டுகளில், ஐயத்துக்குரியவரின் உடலில் மயக்க மருந்தைச் செலுத்தி, அரைமயக்கத்தில் கேள்வி கேட்கும் சோதனைக்குப் பெங்களூர் பெயர் பெற்றது. பொருளுக்கு வாயில்லை, மனிதனுக்கு வாயுண்டே, அதைத் திறந்துவிட்டால் என்ன என்பது அதன் வாதம். அடி உதையை விட இது மேலன்றோ என்றும் கேட்டனர். கேள்வி எளிதன்று. தன் பிள்ளையைக் கொலைக்குப் பறிகொடுத்த தாய்க்கு உண்மை வேண்டும், எவ்வகையிலேனும் வேண்டும்.

செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் விடை கூறியது. ஒருவரின் இசைவின்றி இத்தகைய சோதனையைச் செய்தல் ஆகாது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசமைப்பின் நெறி. இசைந்து செய்துகொண்டாலும் அம்மயக்கத்தில் சொன்ன சொல் தானே சான்றாகாது.

இத்தீர்ப்பு நம் காப்பியத்தோடு ஒத்திசைவதாகவே நமக்குத் தோன்றுகிறது. கண்ணகி உடைத்தது சிலம்பை. பொற்கொல்லனின் மனத்தை உடைக்க எவரும் தேவைப்படவில்லை. பொருளை உடைத்துப் பார்க்கும் பொறுமை இருந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். அப்பொறுமை இல்லாதபோதே மனிதனை உடைக்கும் விருப்பம் பிறக்கிறது. மயக்கத்தில் வரும் சொல் உண்மையா, அச்சமா, கனவா என்று பிரிக்கவும் உறுதியான வழியில்லை.

2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் குற்றம் நிகழ்ந்த இடத்துக்கே சென்று சான்று திரட்ட வேண்டும் என்கிறது. இதனை நிறைவேற்ற மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை காலம் அளித்துள்ளது. ஆதலின் இத்துறைக்கு ஆள்கள் மிகுதியாக வேண்டும். அறிவியல் பயிலும் நம் இல்லத்துப் பிள்ளைகள் சிலரும் அங்கே செல்வர். அவர்கள் கடமைப்பட்டிருப்பது காவல்துறைக்கோ குற்றஞ்சாட்டப்பட்டவருக்கோ அன்று. மேசைமேல் உள்ள அந்தக் கறைக்கே. அது சொன்ன அளவே சொல்லி, சொல்லாததைச் சொல்லவில்லை என்று எழுதுவதே அவர்தம் அறம்.

விரைவாக முடிக்குமாறு ஒருவர் அவர்களிடம் கேட்கும் நாள் வரும். அன்று அவர்கள் நினைவுக்குச் சிலப்பதிகாரம் வரட்டும். அது வராவிடின், நம்மோடு தேநீர் அருந்துவதை நிறுத்திய அந்த ஊழியரையேனும் நினைவில் கொள்ளட்டும்.