பிடித்துக்கொள்ளும் கை

அடையாற்றை அடுத்த எலியட்ஸ் கடற்கரையில் ஒரு நினைவு மண்டபம் நிற்கிறது. 1930 டிசம்பர் 30-இல், பிறரைக் காப்பாற்றப் போய்த் தாமே மூழ்கிய ஷ்மிட் என்ற டேனிஷ்காரருக்காக எழுப்பியது. அந்தத் தியாகத்தை வணங்குகிறேன். ஆனால் உதவி என்றால் உயிரைக் கொடுப்பது ஒன்றுதானா?

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் கடலுக்குள் போகிறவர்கள் வேறொரு முறை பயில்கிறார்கள். தோழர் அலையில் கவிழ்ந்தால் இவர் குதிப்பதில்லை. தம் படகில் இருந்தபடியே கவிழ்ந்த படகின் முனையைத் தூக்கி நீரை வடித்து, நிமிர்த்தி, தம் படகோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொள்கிறார். ஏற வேண்டியவர் விழுந்தவர்தான்.

இது அன்பில் குறைந்ததா? இல்லை என்பேன். இவரும் குதித்தால் தத்தளிப்பவர் இருவர். பிடித்துக்கொண்டாலோ, விழுந்தவர் சுமையாகாமல் மறுபடியும் படகோட்டியாகிறார்.

கடனில் மூழ்கிய தம்பிக்கும் நாம் செய்யத்தக்கது இதுவே: படகு ஆடாமல் பிடிப்பது, ஏறும் பெருமையை அவனுக்கே விடுவது.