மிச்சப்பட்ட நேரம் யாருடையது?

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம், கர்மத்தில் காட்டும் கௌசலத்தையே யோகம் என்கிறது. அவ்வாக்கியத்தைக் கரக்பூர் ஐ.ஐ.டி. தன் இலச்சினையில் பொறித்திருக்கிறது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை உலோகவியல் பயின்றது அங்கேதான். பின்னாளில் கூகுளில் அவர் முன்னின்று நடத்திய முயற்சியால் 2008 செப்டம்பரில் வெளிவந்த குரோம் உலாவி, வேகத்தைத் தன் முதற்பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தது. ஆகவே கௌசலம் என்பது விரைவுதான் என்று பலர் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆயினும் ஆதிசங்கரர் தம் பாஷ்யத்தில் கருதுவது வேறு: இயல்பாகவே மனிதனைப் பந்தப்படுத்தும் கர்மங்கள், சமபுத்தியோடு செய்யப்படும்போது அந்தக் குணத்தை இழந்துவிடுகின்றன, அவ்வாறு செய்வதே கௌசலம். நாள் முழுவதும் உலாவியின் முன் அமர்ந்து பிழைப்பு நடத்தும் ஒருவருக்கு அது எட்டுமா என்பதே என் கேள்வி.

ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தின் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில், மேலே நெட் கிடைக்கவில்லையென்று பஸ்ஸில் இறங்கி வந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர், பேரனின் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக் காத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் இருந்தவள் சின்னப் பெண். அன்றாடம் வேண்டிய பக்கங்கள் மட்டும் டேப் வரிசையின் இடது ஓரத்தில் பின் செய்யப்பட்டிருந்தன. மற்றவை புக்மார்க்கில் இருந்தன. மௌஸைத் தேடிக் கை போகவில்லை. கண்ட்ரோலையும் எல்லையும் சேர்த்து அழுத்தி, இரண்டு எழுத்துத் தட்டி, என்டர் கொடுத்தால் வேண்டிய பக்கம் வந்து நிற்கிறது. "தாத்தா, ஓடிபி வந்திருக்கா பாருங்க" என்றாள். "எனக்கு எங்க தெரியுது, நீயே பாரு பாப்பா" என்று போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். விரல்கள் தாமே தம் வேலையைப் பார்த்துக்கொண்டதால் அவள் கண்கள் பெரும்பாலும் அவர் முகத்தின்மேல்தான் இருந்தன. ஊர்ப் பெயரையும் தகப்பன் பெயரையும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுப் பிழையின்றிப் பதிந்தாள்.

கீபோர்டு பழக்கத்தின் மெய்யான பிரயோஜனம் அதுவே என்று நினைக்கிறேன். கருவியின்மீது வைக்க வேண்டிய கவனம் குறையக் குறைய, எதிரே இருக்கும் மனிதர்மீது வைக்கும் கவனம் வளர இடம் உண்டாகிறது. இருபது முப்பது டேப்புகளைத் திறந்தே வைத்திருப்பவரைச் சோம்பேறி என்று சொல்லமாட்டேன்; மூடினால் தொலைந்துவிடும் என்ற அச்சம் அவரை வருத்துகிறது. பதஞ்சலி யோகசூத்திரம் கூறும் ஐந்து யமங்களில் இறுதியானது அபரிக்கிரகம், அதாவது தேவைக்கு மேல் சேர்த்து வைக்காமை. புக்மார்க்கில் ஒழுங்காகக் குறித்துவிட்டு, வேண்டும்போது கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு ஒரு பக்கத்தை மூடுவது, அந்த விரதத்தில் மிகச் சிறியதொரு அப்பியாசம் என்று நான் மனப்பூர்வமாகவே கொள்கிறேன்.

இனி, விரைவு பந்தமாக மாறும் இடம் ஒன்று உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கடைசியாக மூடிய டேப் உயிர்பெற்று வருகிறது. தவறி மூடியவருக்கு அது பேருபகாரம், ஆனால் பலரும் வந்துபோகும் பொதுக் கம்ப்யூட்டரில் ஒருவருடைய அந்தரங்கம் அடுத்தவர் கண்முன் எழுந்து நிற்கவும் அதுவே வழியாகிறது. இன்காக்னிட்டோ சாளரம், மூடியவுடன் வரலாற்றையும் குக்கீகளையும் அழித்துவிடும். இறக்கிய கோப்புகளை அழிக்காது. அந்தப் பெண் பெரியவரின் விண்ணப்பம் முடிந்ததும் லாக்-அவுட் செய்து, டவுன்லோட்ஸ் பகுதிக்குள் போய், அவருடைய ஆதார் நகலை நீக்கிவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட்டாள். அதற்கு அரை நிமிஷம் கூடுதலாயிற்று. யாரும் கேட்கவில்லை, செய்யாது விட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திராது. பலனையோ புகழையோ எதிர்பாராத செயல் என்று சாஸ்திரம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தத்தை நான் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைப்பாதைகளில் சுலபமாக இறங்கி வரும் வண்டி, திணறி ஏறும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது விதி. உலாவியைக் கையாளத் தெரிந்தவர் இறங்கி வருபவர், தெரியாதவர் ஏறுபவர். திறமையால் மிச்சப்படும் நேரத்தில் தெரியாதவருக்கும் ஒரு பாத்தியதை உண்டு. அதை இன்னொரு வீடியோவுக்குக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் எனக்கு வேதனை தருகிறது. அந்த மையத்துப் பெண் அப்படிச் செய்யவில்லை. பழங்குடியினருக்கான சான்றிதழில் கையெழுத்திடுபவர் தாசில்தார் அல்லர், கோட்டாட்சியர். அதற்குள் விசாரணை நடக்கும், மீண்டும் அலைய நேரலாம். இவையெல்லாம் விண்ணப்பப் பக்கத்தில் நிரப்பும் கட்டங்களுக்குள் வருவன அல்ல. அவள் அவற்றை நிதானமாகச் சொல்லி, விண்ணப்ப எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவர் மறுபடி கேட்டபோது மறுபடி சொன்னாள். கம்ப்யூட்டர் வகுப்புகளில் குறுக்குவிசைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பிறருடைய கோப்பை நீக்குவதையும் பொறுமையாக எடுத்துச் சொல்வதையும் அதே பாடத்தில், அதே நாளில் கற்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.