பெயரிழந்த கோப்புகள்

என் தமையனார் மறைந்த ஆறாம் மாதத்தில், ஓர் இடிமின்னல் இரவு அவருடைய சேமிப்புப் பெட்டியைப் பாழாக்கியது. வீட்டுக் கணினிகள் யாவும் வலையமைப்பின் வழியே தம் கோப்புகளை வைத்தெடுக்கும் பெட்டி அது. உள்ளே 4 டெராபைட் கொள்ளளவுள்ள வட்டுகள் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும். "ஒன்று போனாலும் ஒன்று இருக்கும்" என்று அவர் பெருமையோடு சொல்வதுண்டு.

கெட்டது பெட்டியின் மின்சுற்று மட்டுமே. இத்தகைய பெட்டிகளிற் பல லினக்ஸில் இயங்குபவை. வட்டுகளை ஒரு லினக்ஸ் கணினியில் இணைத்திருந்தால் அநேகமாக எல்லாம் அன்றே கிடைத்திருக்கும். எனக்கோ பொறுமை இல்லை. வேறொரு வகைப் புதுப்பெட்டி வாங்கி, வட்டுகளை அதில் செருகினேன். புதிதாகத் தொடங்கலாமா என்று அது கேட்டது, ஆம் என்றேன். இரண்டிலும் இருந்த பழைய அட்டவணைகள் ஒருசேர அழிந்தன. இரட்டை வட்டு, வட்டு பழுதானால் காக்கும். மனிதனின் அவசரத்தையோ பிசகாமல் இருமுறை எழுதிக்கொள்ளும்.

சென்னையில் மீட்புத் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர், மூல வட்டில் ஏதும் எழுதாமல், முதலில் அதனை வேறொரு வட்டில் முழுமையாகப் படியெடுத்தார். நூலகத்தின் பட்டியல் எரிந்தாலும் நூல்கள் அலமாரியில் இருக்குமல்லவா? அதுபோன்றதே இது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்னும் எண்களோடு தொடங்கும். இத்தகைய தலைப்பு அடையாளங்களைக் கொண்டு கோப்புகளைத் தேடியெடுக்கலாம். பெயர்களும் உறைகளும் மட்டும் திரும்பா. பல்லாயிரம் கோப்புகள் வெறும் எண்களாய் வந்து நின்றன.

"எது எதுவென்று திறந்து பார்த்தால்தான் தெரியும், ஐயா" என்றார் அவர்.

இங்கேதான் என் ஐயம் பிறந்தது. "கடிதங்கள்" என்று பெயரிட்ட உறையைத் திறவாமல் கடந்து செல்வது எளிது. பெயர் அழிந்தபின், பார்க்கத் தகாததை விலக்குவதற்கும் அதனைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. வீடும் நிலமும் வழிவழியாக வந்து சேரும். ஒருவர் தனக்குள் வைத்திருந்ததும் அவ்வாறே வந்து சேருமோ? கள்ளாமை பொன்னோடும் பொருளோடும் முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. காஃப்கா 1924இல் இறந்தார்; எரித்துவிடுமாறு அவர் கேட்டிருந்த எழுத்துகளை நண்பர் மாக்ஸ் பிராட் அச்சேற்றினார். உலகம் பிராடைப் பெரும்பாலும் மன்னித்துவிட்டது, நூல்கள் நன்றாயிருந்தமையால். அது நியாயமாகுமா என்பது வேறு. காஃப்காவாவது தம் விருப்பத்தைச் சொல்லிச் சென்றார். என் தமையனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமையை இசைவென்று கொள்ளும் வழக்கம் உயிரோடிருப்பவர்களுக்கே வசதியானது.

அண்ணியார் முடிவு செய்தார்கள். "படங்களைப் பாருங்கள், தம்பி. மற்றவற்றில் பட்டா எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ளவற்றை மட்டும் இயந்திரத்தைக் கொண்டே தேடச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தபடியே இருக்கட்டும்." படங்களோடு பத்திரங்களின் ஒளிநகல்களும் வந்தன. கணக்கு எண்களும் அகப்பட்டன. எனக்குத் தோன்றாத வழி அது.

அதற்கு முதல்நாளே நான் ஒரு கோப்பைத் திறந்துவிட்டிருந்தேன். அது எனக்கு எழுதி அனுப்பாத கடிதம். தந்தையார் நிலத்தைப் பங்கிட்ட ஆண்டைப் பற்றித் தொடங்கியது. மூன்று வரிகள் படித்தேன்; மூடினேன். எனக்கெழுதியது எனக்குரியதன்றோ என்று இன்றும் மனம் வாதாடுகிறது. அனுப்பாமல் வைத்தவர் அவரன்றோ என்றும் அதே மனம் கேட்கிறது. அண்ணியாரிடம் இதனைச் சொல்லவில்லை. இவ்விதழ் அவர்கள் வீட்டுக்கும் போகும்.

மூல வட்டுகள் அவர்களுடைய பீரோவில் இருக்கின்றன. தம்மிடமிருந்த படியை அழித்துவிடவா என்று இளைஞர் கேட்டபோது, என் கண்முன்னே செய்யச் சொன்னேன். 4 டெராபைட்டை முழுதும் மேலெழுத ஏழெட்டு மணி நேரமாயிற்று. கடை மூடும் வேளையிலும் அது முடியவில்லை.