பொய்யின் இரு கடன்கள்

பொய்யுரைத்தவன் யாருக்குக் கடன்பட்டவன்? நம்பி ஏமாந்தவனுக்கு என்று உடனே விடை கூறிவிடுகிறோம். அவ்விடை போதுமா என்று எண்ணிப் பார்க்க, பழைய திரைப்படம் ஒன்றின் வரலாறு நமக்கு உதவும்.

1930-இல் அமெரிக்காவில் ‘இங்காகி’ என்றொரு காட்டுப் படம் வெளிவந்தது. ஆங்கில ஆய்வாளர் ஒருவர் பெல்ஜியன் காங்கோவின் காடுகளில் நேரில் கண்டு பிடித்து வந்த படம் என்று அதனை விளம்பரம் செய்தனர். அங்குள்ள ஒரு குலத்தார் தம் பெண்களைக் கொரில்லாவுக்குக் காணிக்கையாக அளிக்கின்றனர் என்பதே அதன் உச்சக் காட்சி. மக்கள் திரண்டனர், பணம் குவிந்தது.

உண்மை மெல்ல வெளிப்பட்டது. அந்த ஆய்வாளர் வெறும் கற்பனை. கொரில்லாவாகத் தோன்றியவர், தோலுடை அணிந்த சார்லஸ் ஜெமோரா என்னும் நடிகர். புதிதாகக் கண்டறிந்ததாகக் காட்டிய நச்சுப் பிராணி, சிறகும் செதிலும் ஒட்டப்பெற்ற ஆமை. ‘குள்ள இனத்தார்’ எனப்பட்டோர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கறுப்பினச் சிறுவர்கள். இதனை மெய்யான படம் என்று விளம்பரம் செய்யலாகாது என 1933-இல் அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையம் ஆணை பிறப்பித்தது.

நீதி நிலைநாட்டப்பட்டது என்று நாம் மகிழலாம். ஆனால் அது சீட்டு வாங்கி ஏமாந்தவருக்குக் கிடைத்த நீதி. தம் பெண்மக்களை விலங்குக்கு ஈவோர் என்று பழிக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழக்கை யார் எடுத்துரைத்தார்? விளம்பரத்தை மாற்றினால் வணிகம் நேர்மையாகிவிடும். பார்த்தவர் நெஞ்சில் பதிந்த இழிவு மாறுமா?

ஏமாந்தவரும் முற்றிலும் குற்றமற்றவரல்லர். இதே வழக்கம் இலண்டன் நகரில் உண்டு என்று படம் காட்டியிருந்தால் அவர்கள் நகைத்திருப்பார்கள். காங்கோவில் என்றதும் நம்பினார்கள். தொலைவில் வாழ்வோரைப் பற்றி முன்பே தாழ்வாக எண்ணியிருந்த உள்ளமே அப்பொய்க்கு வாயில் திறந்துவிட்டது.

ஆகவே, பொய்க்குக் கடன்கள் இரண்டு. கேட்டவருக்கு உண்மையைத் திருப்பித் தருதல் ஒன்று. பழிக்கப்பட்டவருக்கு அவர்தம் மானத்தைத் திருப்பித் தருதல் மற்றொன்று. முன்னதைச் சட்டம் வசூலிக்கலாம். பின்னதை மனச்சான்றே வசூலிக்க வேண்டும். அண்டை வீட்டாரைப் பற்றிய வதந்தி பொய்யென்று தெளிந்தபின், “அப்படியா” என்று வாளாவிருந்துவிடுகிறோமா, அல்லது அதனை யார் யாரிடம் உரைத்தோமோ அவர்களிடமெல்லாம் சென்று மறுத்துரைக்கிறோமா? இரண்டாம் கடனை நாம் அடைக்கிறோமா என்பதற்கு அதுவே சோதனை.