விருந்தினர் கடன்

விருந்தோம்பலை அறமெனப் போற்றாத சமுதாயம் உலகில் இல்லை. வள்ளுவர் இல்லறவியலில் விருந்தோம்பல், இனியவைகூறல், செய்ந்நன்றியறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்து அமைத்தார். விருந்தளித்தல் இல்லத்தார் கடன். இன்சொல் இரு சாராருக்கும் பொது. நன்றி மறவாமை விருந்துண்டவர் கடன் என அவ்வைப்புமுறைக்கு நாம் விளக்கம் கூறலாம். அராபியரிடத்தும் இவ்வறம் தொன்மையானது. உப்பும் ரொட்டியும் ஒருங்குண்டவர் ஒருவருக்கொருவர் தீங்கு நினைத்தலாகாது என்பது அவர்தம் வழக்கு. வந்தவரை மூன்று நாள் பேணுதல் விருந்தோம்பல், அதற்கு மேற்பட்டது தருமம் என்பதை நபிகள் நாயகத்தின் வாக்காக இஸ்லாமிய மரபு போற்றுகின்றது. ஆயின், நமது நகரின் மீது குண்டு வீசிய நாடே பின்னர் நம்மை விருந்தினராக அழைக்குமெனின், அவ்விருந்தை ஏற்றல் தகுமா? ஏற்றவர் அந்நாட்டின் செயலைக் கண்டிக்கும் உரிமையை இழந்து விடுகின்றாரா? ஈராக்கிய இளைஞர் சிலரின் வாழ்வில் இவ்வினாக்கள் நேராகவே எழுந்தன. அவர்களை முன்னிறுத்தி இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐக்கிய அமெரிக்காவும் அதன் நேச நாடுகளும் ஈராக் மீது படையெடுத்தன. பேரழிவு ஆயுதங்கள் அங்கு உண்டு என்பதே முதன்மையாகக் கூறப்பட்ட காரணம். அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் இருக்கவில்லையென அமெரிக்க அரசு அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004இல் அறிக்கையிட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில், நெடுங்காலம் தடைப்பட்டிருந்த புல்பிறைற் புலமைப்பரிசில் மீள ஆரம்பிக்கப்பெற்று, ஈராக்கியர் சிலர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். 2007இல் உயர்தரப் பாடசாலை மாணவருக்கும் பட்டப்படிப்பு மாணவருக்குமாக ஈராக்கிய இளந்தலைவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியிலேதான் ஜோர்ஜ் புஷ் மேலும் 20,000க்கு அதிகமான படையினரை ஈராக்குக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். ஒரே அரசு, ஒரே ஆண்டில், ஒரு கையால் படையையும் மறு கையால் அழைப்பிதழையும் அனுப்பியது.

அழைப்பை ஏற்றுச் சென்ற இளைஞரும் யுவதிகளும் பெரும்பாலும் 1990ஆம் ஆண்டை அடுத்துப் பிறந்தவர்கள். அவ்வாண்டு ஆகஸ்ட்டில் ஐக்கிய நாடுகள் சபை விதித்த பொருளாதாரத் தடை 2003 வரை நீடித்தது. மருந்தும் உணவும் அருகிய வீடுகளில் அவர்கள் வளர்ந்தனர். புதிய நூல்களும் ஆய்விதழ்களும் வந்து சேராத நூலகங்களில் அவர்தம் ஆசிரியர் கற்பித்தனர். 2003 ஏப்ரலில் பக்தாத்தின் தேசிய நூலகம் எரிந்ததையும் அரும்பொருட்சாலை சூறையாடப்பட்டதையும் சிறுவயதிலேயே அறிந்தனர். 2004இல் அபு கிறைப் சிறையின் புகைப்படங்களைக் கண்டனர். இத்துணை நினைவுகளையும் சுமந்துகொண்டே அவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளிலும், குடும்பங்களின் இல்லங்களிலும் தங்கினர். தொண்டு நிலையங்களிலும் அலுவலகங்களிலும் பயிற்சி பெற்றனர்.

அங்கு அவர்கள் கண்டவற்றுள் இரண்டு நமது சிந்தனைக்குரியவை. முதலாவது, மாற்றானின் வீடும் வீடே என்பது. பக்தாத்தில் அவர்கள் அறிந்த அமெரிக்கர் தலைக்கவசமும் துப்பாக்கியும் தரித்தவர். கதவைத் தட்டி அனுமதி கேளாது நள்ளிரவில் வீட்டினுள் புகுந்தவர். இங்கோ விருந்தினருக்குப் பன்றியிறைச்சி ஆகாதென்பதை முன்னரே கேட்டறிந்து சமைக்கும் தாயும், உண்ட கலங்களைத் தாமே கழுவும் தந்தையும் அமெரிக்கராக உள்ளனர். இரண்டாவது எதிர்பாராதது. அராபியர், குர்தியர், துருக்மானியர், சுன்னி, சியா, கிறிஸ்தவர், யசீதியர் எனப் பிரிந்து வாழ்ந்தோர் இத்திட்டங்களின் கீழ் ஒன்றாகத் தங்கினர். 1991இன் பின் வடக்கே வளர்ந்த குர்திய இளைஞர் பலருக்கு அரபு மொழிப் பயிற்சி குறைவு. எனவே ஒரே நாட்டுப் பிள்ளைகள் தம்முள் ஆங்கிலத்திற் பேசவேண்டியிருந்தது. தம் நாட்டவரை முதன்முதல் அணுகிப் பழகுதற்குத் தம் நாட்டை ஆக்கிரமித்தவரின் மண்ணும் மொழியும் தேவைப்பட்டமை வரலாற்றின் கசப்பான நகைப்புகளுள் ஒன்று.

இத்தகைய விருந்தினருக்கு எளிதான விடைகள் இரண்டு காத்திருந்தன. உண்டவன் வாய்திறத்தல் ஆகாது என்பது ஒன்று. விருந்தே சூழ்ச்சியாதலின் அதனை உதறுக என்பது மற்றொன்று.

முதல் விடையை நாம் செஞ்சோற்றுக் கடன் என்னும் சொல்லால் நன்கறிவோம். கர்ணனும் கும்பகர்ணனும் அக்கடனுக்காக உயிர் துறந்தவர்களாகக் காவியங்களிற் காட்டப்படுகின்றனர். எனினும், கும்பகர்ணன் போருக்குப் புறப்படுமுன் இராவணனுக்கு அவன் செய்தது பிழையென எடுத்துரைத்தான் என்பது மறக்கற்பாலதன்று. செஞ்சோற்றுக் கடனின் உச்சநிலை எடுத்துக்காட்டான அவனிடத்தும் அக்கடன் நாவைக் கட்டவில்லை. மேலும், அரசன் சோற்றை உண்டு அரசன் பொருட்டுப் போர்புரியும் வீரனுடைய நிலை வேறு. சில வாரங்களோ சில ஆண்டுகளோ தங்கிக் கற்றுத் திரும்பும் விருந்தினர் நிலை வேறு. விருந்தினர் தம் உழைப்புக்கும் ஒழுக்கத்துக்கும் உத்தரவாதமளித்தனரேயன்றித் தம் மனச்சாட்சியை விற்கவில்லை.

புல்பிறைற் திட்டத்தின் வரலாறும் இதற்குச் சான்றாகும். ஆர்க்கன்சோ மாநிலத்தைச் சேர்ந்த செனற் சபை உறுப்பினர் வில்லியம் புல்பிறைற் கொணர்ந்த சட்டத்தில் 1946 ஆகஸ்ட்டில் சனாதிபதி ட்றூமன் ஒப்பமிட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வெளிநாடுகளில் எஞ்சிக் கிடந்த போர்த் தளபாடங்களை விற்றதன் மூலம் கிட்டிய வருவாயே அதன் முதல் நிதி. போரின் மிச்சத்தைக் கல்வியாக மாற்ற முனைந்த அதே மனிதர், 1966இல் வெளிநாட்டுறவுக் குழுவின் தலைவராக இருந்து, வியற்நாம் போர் பற்றிய பகிரங்க விசாரணைகளை நடத்தித் தம் கட்சியைச் சேர்ந்த சனாதிபதியையே எதிர்த்தார். அவரே 1956இல், பாடசாலைகளில் நிறப் பாகுபாட்டை நீக்கும் தீர்ப்பை எதிர்த்துத் தென்மாநிலப் பிரதிநிதிகள் வெளியிட்ட அறிக்கையில் ஒப்பமிட்டவர் என்பதும் உண்மை. அவர் ஏற்படுத்திய பரிசிலைப் பெறுவோர் அவரது ஈகையைப் போற்றலாம். போர் எதிர்ப்பை மதிக்கலாம். நிறவெறிக்குத் துணைநின்றமையைக் கண்டிக்கலாம். இம்மூன்றையும் ஒருங்கே செய்பவர் நன்றி கொன்றவராகார்.

இனி இரண்டாவது விடையை நோக்குவோம். எகிப்தியக் கல்வியமைச்சினால் 1948இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட எழுத்தாளர் சையித் குதுப், கொலறாடோ மாநிலத்துக் கிறீலி என்னும் சிறு நகரிற் சில காலம் பயின்றார். தேவாலய மண்டபத்தில் நடந்த நடனத்தையும் புற்றரையைப் பேணும் வீட்டார் பழக்கத்தையும் ஆன்ம வறுமையின் அடையாளங்களாகக் கண்டார். நிறப் பாகுபாடு பற்றிய அவரது கண்டனத்தில் உண்மை இருந்தது. ஆயினும், தீர்ப்பை எழுதி முடித்தபின் சாட்சிகளைத் தேடுபவரின் பார்வை அவருடையது என்றே தோன்றுகின்றது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட பார்வையொன்றை இதனோடு ஒப்பிடலாம். கி.பி. 921இல் பக்தாத்திலிருந்து கலீபாவின் தூதுக்குழுவோடு வொல்கா நதிக்கரைக்குச் சென்ற இப்னு பத்லான், அங்கு கண்ட ரூஸ் மக்களின் தூய்மையின்மையை அருவருப்புடன் எழுதினார். அவர்தம் உடலழகை வியந்தும் எழுதினார். ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை அவர் மறைக்கவில்லை. அன்று பார்த்து எழுதியவர் பக்தாத்தியர், பார்க்கப்பட்டவர் வடபுலத்தார். அந்நகரின் இளைஞருக்குப் பிறரைக் காணும் கண் புதிதாகக் கற்பிக்கப்படவேண்டியதன்று.

மௌனம், மறுப்பு என்னும் இரண்டையும் தவிர்க்க விரும்புவோர் பொதுவாக ஒரு வேறுபாட்டை முன்வைப்பர். மக்கள் வேறு, அரசு வேறு. நன்றி மக்களுக்கு, கண்டனம் அரசுக்கு என்பதே அது. மன்னராட்சியில் இஃது ஏறக்குறையப் பொருந்தும். சதாம் ஹுசைனின் ஆட்சியில் வாழ்ந்த ஈராக்கியக் குடிமக்கள் அவ்வாட்சியின் செயல்களுக்குப் பொறுப்பாளிகள் அல்லர் என்று கூறுதல் நியாயமே. ஆனால் அமெரிக்கக் குடும்பத் தலைவரைப் பற்றி அவ்வாறு கூறலாமா? அவர் வாக்களிப்பவர், வரி செலுத்துபவர். படையெடுப்பை நடத்திய அரசு 2004 நவம்பரில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது. எனவே, உணவு பரிமாறும் கையும் வாக்கிடும் கையும் ஒன்றே. மக்களாட்சியின் பெருமையை ஏற்கும் நாம் அதன் பொறுப்பை மட்டும் தள்ளிவிடல் இயலாது.

சிக்கலின் மையம் இதுவே. விடுபடும் வழியும் இங்கேயே உள்ளதென்பது எனது கருத்து. விருந்தளித்தவர் தம் அரசின் செயலுக்குப் பொறுப்புடையவர் எனின், அச்செயலைப் பற்றி அவரிடம் பேசுவது அவமதிப்பாகாது. அவரைப் பொறுப்புள்ள குடிமகனாக மதிப்பதாகும். யாரிடம் உண்மையை மறைப்போம்? அறியாக் குழந்தையிடமும், சினந்தால் தண்டிக்கும் அரசனிடமும் மறைப்போம். விருந்தினர் வாய் திறவாதிருப்பாராயின், தம்மை உபசரித்தவரை அவ்விரண்டில் ஒன்றாகக் கொண்டுவிடுகின்றார். இடித்துரைத்தலை நட்பின் கடமைகளுள் வைத்த வள்ளுவரின் நோக்கும் இதனோடு இயைவதே. விருந்தினர் இன்சொல்லோடு நிற்கலாம். நண்பராக விரும்புபவர் அதற்கப்பாலும் செல்லவேண்டும்.

இவ்வாதத்துக்கு வலிய தடையொன்று கூறப்படலாம். பேசுமாறு சொல்வது எளிது. பேசுபவர் பத்தொன்பது வயது மாணவர், விசாவில் வந்தவர், செலவைப் பிறர் ஏற்க வாழ்பவர். அவரிடம் இத்துணிவை எதிர்பார்ப்பது கொடுமையன்றோ? இத்தடையில் நியாயமுண்டு. 2017 ஜனவரி 27இல் டொனால்ட் ட்ரம்ப் பிறப்பித்த ஆணை ஈராக் உட்பட ஏழு நாட்டவர் நுழைவதைத் தடுத்தது. அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஈராக்கியர் ஒருவரே நியூயோர்க் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டார். மார்ச் மாதத்துப் புதிய ஆணையில் ஈராக் நீக்கப்பட்டதாயினும், விருந்தினர் நிலை எத்துணை நொய்யது என்பது அன்று புலனாயிற்று. ஆதலின், பேசாத விருந்தினரைக் குற்றவாளியாக்குதல் என் நோக்கமன்று. விருந்தினர் அஞ்சாது பேசத்தக்க சூழலை அமைப்பதும் விருந்தோம்பலின் பகுதியே. உணவும் படுக்கையும் மட்டும் அளித்து, விருந்தினரின் கதையைக் கேளாதவர் பாதி விருந்தையே அளித்தவராவார்.

விருந்தினருக்கு இன்னுமொரு கடனும் உண்டு. அது இதனினும் கடினமானது. அமெரிக்க அரசின் நிதியிற் பரிமாற்ற விசாவிற் செல்வோர், அந்நாட்டில் நிரந்தரமாகக் குடியேற விரும்பின், அதற்கு முன் தாயகத்தில் ஈராண்டு வாழவேண்டுமென்பது அந்நாட்டுச் சட்ட விதி. திரும்பிய இளைஞரை ஊரவர் வினவுவர். 'எல்லோரும் பகைவரே' என விடையளித்தால் பாதுகாப்பு. 'என்னைத் தம் பிள்ளைபோற் பேணினர்' எனக் கூறினால் ஒற்றன் என்னும் பழி. அமெரிக்கரோடு பணியாற்றியமைக்காகவே பலர் கொலையுண்ட நாட்டில் அப்பழி வெறுஞ் சொல்லன்று. உண்மை இரு திசையிலும் விலை கேட்கின்றது: அங்கு போரைப் பற்றியும், இங்கு அன்பைப் பற்றியும். அங்கு பேசும் துணிவுடையோரைப் பாராட்டும் நாம், இங்கு பேசும் துணிவையும் அதே தராசில் நிறுக்கவேண்டும்.

கேட்கும் செவிகள் அமெரிக்காவில் இல்லாமலில்லை. 2007 மார்ச் 5இல் பக்தாத்தின் புத்தகக் கடைத் தெருவான முத்தனபி வீதியிற் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். அச்செய்தியை அறிந்த சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கவிஞரும் புத்தக வணிகருமான போ போசொலேய், அவ்வீதியைத் தமது வீதியாகவே உணர்ந்து, அச்சுக்கலைஞரையும் கவிஞரையும் அழைத்தார். இறந்தோரையும் காயமுற்றோரையும் நினைந்து 130 அச்சுத்தாள்கள் உருவாயின; அவற்றின் தொகுதியொன்று பக்தாத்தின் தேசிய நூலகத்துக்கு வழங்கப்பட்டது. தம் நாட்டின் படை அங்கு நிற்கையில் அங்கு மாண்டவர் தமக்கு அயலாரல்லர் என்பதை ஒரு குடிமகன் தானாகவே ஒப்புக்கொண்டமையே இம்முயற்சியின் சிறப்பு.

இத்தகைய பரிமாற்றங்களுக்கு அடிப்படையான 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'பரஸ்பரம்' என்னும் பொருள்படும் சொல் உண்டு. அச்சொல்லை நேர்மையோடு எடுத்துக்கொள்வோமாயின், போதாமை ஒன்று புலப்படும். 2003இலிருந்து 2011 வரை பல்லாயிரக்கணக்கான அமெரிக்க இளைஞர் ஈராக் மண்ணை மிதித்தனர். அவர்களுட் பெரும்பாலார் மாணவராக அன்றிப் படையினராகவே சென்றனர். பத்தொன்பது வயது ஈராக்கியர் அமெரிக்கக் குடும்பத்தின் மேசையில் அமர்ந்தனர். பத்தொன்பது வயது அமெரிக்கர் ஈராக்கியக் குடும்பத்தின் கதவை உடைத்தனர். அமெரிக்க மாணவர் ஒருவர் மோசுல் நகரத்து வீடொன்றில் ஆயுதமின்றித் தங்கி, உப்பும் ரொட்டியும் உண்டு, அவ்வீட்டார் கூறுவதைக் கேட்டுத் திரும்புவது வழக்கமாகும்வரை அச்சட்டத்தின் சொல் நிறைவேறியதாகாது. அதுவரை, சென்று திரும்பிய ஈராக்கிய இளைஞர் இரு சாராரின் பங்கையும் தாமே சுமக்கின்றனர்.